சும்மா பைட்டோ

பிஜித் தீவின் நவுவா ஊரில், சந்தைக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்தபடி, தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை. சொந்தக்காரன் பெயர் மகேந்திரா. எந்த நேரம் போனாலும் அங்கே ஐந்தாறு இன்ஜின்கள் மூடி கழற்றிக் கிடக்கும். ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் என்ன கோளாறு என்று மனதில் பளிச்சென்று படும். எழுந்து அதனிடம் போவான். அதில் கை வைத்ததும் மூன்றாவதற்கு வாங்க வேண்டிய சாமான் நினைவுக்கு வரும், கடைக்குக் கிளம்புவான். வழியில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். திரும்பி வந்து, முதல் இன்ஜினின் திருகாணிகளை எங்கே வைத்தோம் என்று பட்டறை முழுக்கத் தேடுவான். அவனை வேலை தெரியாதவன் என்று யாரும் சொன்னதில்லை. வேலையை முடிப்பவன் என்றும் சொன்னதில்லை.

ஆற்றில் படகு ஓட்டும் ஜோசெவாவுக்கு மகேந்திராவின் வயதுதான். நவுவாவில் வளர்ந்த பிஜிப் பூர்வகுடிகள் பலரையும் போல இந்தி சரளமாகப் பேசுவான். "மகி, நீ பாதியில விட்ட வேலைய எல்லாம் ஒண்ணாச் சேத்தா ஒரு கப்பலே கட்டிரலாம்" என்பான். "ஆனா அதுவும் பாதிக் கப்பலாத்தான் இருக்கும்." மகேந்திராவும் சேர்ந்து சிரிப்பான். சிரிப்பு அடங்கிய பிறகு, கழற்றிப் போட்ட இரும்புகளைப் பார்த்தபடி சற்று நேரம் நிற்பான்.

யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கதை வேறு. உதவி செய்ய வேண்டியதில்லை. பேச வேண்டியதில்லை. ஒரு பெஞ்சில் குந்தி, தன் பாட்டுக்கு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். மகேந்திராவின் கை ஒரே இன்ஜினில் நிற்கும், காலையில் தொடங்கியது மாலைக்குள் முடியும். ஏன் அப்படி என்று அவன் யோசித்ததே இல்லை. எந்தப் பக்கம் புரண்டு படுத்தால் தூக்கம் வரும் என்று உடம்புக்குத் தெரிவது போல அது அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சிறுவயதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் அண்ணன் சதேந்திரா. பள்ளியில் மகேந்திரா வாங்காத அடி கிடையாது. வாத்தியார் பாடம் நடத்தும்போது கூரையில் ஓடும் பல்லியின் கூடவே ஓடுவான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று கேள்வியைத் திரும்பக் கேட்பான். அப்பா தோல் வாரால் அடித்தார். அம்மா பொன்னம்மா மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிறு கட்டினாள். அடியும் கயிறும் ஆளுக்கு ஒரு வாரம் தாங்கின. அண்ணன் அடிக்கவும் இல்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை. தன் பாடத்தை முடித்துவிட்டுத் தம்பியின் மேசை அருகில் வந்து கரும்பு கடித்துக்கொண்டு உட்காருவான். அந்த வருடங்களில்தான் மகேந்திரா பரீட்சைகளில் தேறினான்.

எண்பத்தேழில் ராணுவம் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு சதேந்திரா கனடா போனான். இந்தியர்கள் எல்லாரும் போனார்கள். கணக்கர்கள், வாத்தியார்கள், தையல் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். விமான நிலையத்தில் அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக இருடா என்றான். எப்படி என்பதைச் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை.

அண்ணன் விட்டுப்போன இடத்தில் ரஞ்சனா வந்து உட்கார்ந்தாள். நாண்டி விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவில், கரும்பு விவசாயி வீட்டுப் பெண். நர்ஸாக வேலை கிடைத்து நவுவாவுக்கு வந்தவள், மகேந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கினாள். வீட்டில் இருவரும் பேசியது பெரும்பாலும் பிஜி இந்தி. கோபம் வந்தாலோ மனம் இளகினாலோதான் தமிழ் வரும். அதிலும் ஒரு சொல் மட்டும் எந்த நேரமும் தமிழாகவே இருந்தது. பட்டறைச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் இருக்கும் ரஞ்சனாவை மகேந்திரா கூப்பிடுவான்: "ஏய், இங்க வா. சும்மா பைட்டோ."

பைட்டோ என்றால் உட்கார் என்று இந்தி. சும்மாவுக்குச் சமமான ஒரு சொல் இந்தியில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"சும்மா உக்கார எனக்கு வேற சோலி இல்லையா?" என்பாள் ரஞ்சனா. ஆனாலும் பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, கல் பொறுக்கிக்கொண்டே உட்காருவாள். கணவனுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை என்று ஆரம்பத்தில் நினைத்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. மகள் கிருஷிகா பிறந்து, நர்ஸ் வேலையும் வீட்டு வேலையும் அவள் தலையில் விழுந்த பிறகு, அந்த 'சும்மா' அவளுக்கு உறுத்தத் தொடங்கியது. தான் செய்வதெல்லாம் வேலை இல்லை, சும்மா இருப்பவள் என்று சொல்கிறானோ என்று பட்டது. அவன் மறந்துபோன பில்கள், அணைக்காமல் விட்ட அடுப்பு, பள்ளி வாசலில் காத்து நின்ற மகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவள் அவள்தான். இவனுக்கு அக்கறை இல்லை என்ற எண்ணம் மெல்ல மெல்ல மனதில் படிந்தது.

இரண்டாயிரத்தில், மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், துப்பாக்கியோடு ஆட்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைப்பிடித்தார்கள். அன்று மதியத்துக்குள் சுவாவில் கடைகள் எரிந்தன. நவுவாவில் பேருந்து நின்றது, பால் வண்டி நின்றது. ஆற்றின் மேல்பக்கக் கிராமங்களில் இந்தியர் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்ற செய்தி ஆற்றோடு இறங்கி வந்தது. அந்த வாரம் முழுக்க ஜோசெவா தன் பாயைப் பட்டறை வாசலில் போட்டுப் படுத்திருந்தான். ஏன் என்று மகேந்திரா கேட்கவில்லை. கேட்டால் ஜோசெவாவுக்கு வெட்கமாக இருக்கும். அவன் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரத்தில் பட்டறையில் கிடந்த இன்ஜின்கள் எல்லாம் சரியாகிவிட்டன. அவற்றை வாங்கிப் போகத்தான் ஆள் வரவில்லை.

ரஞ்சனா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் கூட வேலை பார்த்த நர்ஸுகளில் பாதிப் பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. குடும்பமாகப் போகலாம் என்றார்கள். மகேந்திராவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தபோது அது காலாவதியாகி வெகு நாளாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள், பல தடவை. நாளைக்கு என்று அவன் சொல்லியிருக்கிறான், பல தடவை. ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் சொன்னான். வேலைக்குச் சேர வேண்டிய நாள் நெருங்கியதால், அவளும் மகளும் முன்னால் போவது, சில மாதத்தில் அவன் பின்னால் வருவது என்று முடிவானது.

புறப்பட்ட அன்று காலை மூவரும் வோட்டுவாலேவில் ரஞ்சனாவின் பிறந்த வீட்டில் இருந்தார்கள். விமானங்கள் கூரையைத் தொடுவது போல இறங்கும் வீடு அது. பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. மகேந்திராவுக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. நெஞ்சுக்குள் தேனீக் கூடு கலைந்தது போலிருந்தது. அடுத்த வீட்டில் தண்ணீர் பம்பு திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதைக் குடைந்தது. இரண்டு நிமிடம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியார் தாயம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பம்பைத் திறந்ததும் நெஞ்சுக்குள் இருந்த இரைச்சல் நின்றது. உலகத்தில் அந்த ஒரு வால்வு மட்டும் இருந்தது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டினான். தண்ணீர் பளிச்சென்று வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது வாசலில் வண்டி இல்லை. தாயம்மா மட்டும் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன தரம் ஆரன் அடிச்சாங்க, மாப்ள" என்றாள். "காதுல விழலியா?"

கரும்புக் காட்டு வழியாக ஓடினான். விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள் என்று வண்டிக்காரன் சொன்னான். மகேந்திரா சாலையில் நின்று, விமானம் மேலே ஏறித் திரும்புவதைப் பார்த்தான். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

ஆக்லாந்து போய்ச் சேர்ந்து ரஞ்சனா போன் செய்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு மகேந்திராவின் வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ரஞ்சனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கை கழுவும் சோப்பின் வாசனை தேடி, அதே சோப்பைச் சுவா வரை போய் வாங்கி வந்து, குழாயடியில் பிரிக்காமல் வைத்திருந்தான். டின் மீன் குழம்பு வைத்தால் கிருஷிகாவுக்குப் பிடிக்காத வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பிறகு யாருக்காக ஒதுக்கினோம் என்று பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகும் நேரத்தில் பட்டறையை விட்டு வெளியே வருவான். எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

இவ்வளவு ஆசை இருந்தவன் ஏன் போகவில்லை?

ஊரே அதைக் கேட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டான், அதற்கு ஒரு வருடம் ஆனது. விசாவுக்காகப் போலீஸ் சான்றிதழ் வாங்கினான். மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி வாங்கி, அந்தத் தேதியில் ஒரு படகு இன்ஜினுக்குள் மூழ்கிப்போனான். மறுபடி தேதி வாங்கிப் பரிசோதனை முடிப்பதற்குள் போலீஸ் சான்றிதழ் பழசாகிவிட்டது. புதியது வாங்குவதற்குள் எக்ஸ்ரே பழசாகிவிட்டது. நிரப்ப வேண்டிய தாள்களை மேசைமேல் பரப்பி, பேனாவைத் திறந்து, முதல் கேள்வியைப் படிப்பான். மூன்றாவது கேள்விக்குள் ஆற்றங்கரையில் நிற்பான். கால்கள் எப்போது எழுந்தன என்றே தெரியாது. வீட்டுக்குத் திரும்பி, அந்தத் தாள்களைப் பார்த்து, தன் தலையில் தானே அடித்துக்கொள்வான். அப்பாவின் வார் எங்கே போயிற்று என்றுகூட ஒரு தடவை தேடினான்.

மூன்றாவது வருடம் ரஞ்சனா போனில் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"கிருஷிகா அப்பா, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. வர மனசில்லையா?"

"என்ன பேச்சு இது? அதத் தவிர வேற எதையும் நெனைக்கறது இல்ல."

"நெனைச்சா ஒரு பேப்பர நெரப்பறதுக்கு மூணு வருசமா ஆகும்? வேணும்னு இருக்கறவன் நடந்தே வந்திருப்பான்."

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற மாதிரி வார்த்தை தேடினான். அதற்குள் அவள், கிருஷிகாவுக்குப் பள்ளி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு போன் வருவது குறைந்தது. வந்தாலும் மழை பெய்ததா, வெள்ளம் வந்ததா என்ற அளவில் நின்றது. ஊரில் சிலர், ரஞ்சனா அங்கே வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்வாள் என்றார்கள். சிலர், மகேந்திராவுக்கு இங்கேயே யாரோ இருக்கிறாள் என்றார்கள். இரண்டாவதைக் கேட்டு ஜோசெவா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். "இவனுக்கா? பொண்ணப் பாக்கப் போற வழியில எவனாவது மோட்டார் ரிப்பேர்னா அங்கேயே குடித்தனம் பண்ணிருவானே."

அடுத்த வருடம், மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. ரஞ்சனாதான். வழக்கமான மழை வெள்ளப் பேச்சு இல்லை. கிருஷிகாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள்.

கிருஷிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் அவள் புத்திசாலி, ஆனால் எதையும் முடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் பல நாள் பார்த்து, பல பேரிடம் கேட்டு, ஏடிஎச்டி என்றார். ரஞ்சனா அதை நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் டீ குடிக்கும் நேரத்தில் நர்ஸுகளே அதைக் கிண்டல் செய்வார்கள்: வளர்க்கத் தெரியாத பெற்றோருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சாக்கு என்று. அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

"அது என்ன வியாதி?" என்று கேட்டான் மகேந்திரா.

அவள் இந்தியில் சொன்னாள்: த்யான் கே பிமாரி. கவனம் நிற்காத நோய். ஆனால் மகேந்திராவின் காதில் விழுந்தது கோயிலில் பூசாரி சொல்லும் தியானம்தான்.

"தியானம் பண்ணாததுக்கெல்லாமா வியாதி? அப்ப இந்த ஊருல பூசாரியத் தவிர எல்லாரும் நோயாளிதான்."

நீண்ட நாளைக்குப் பிறகு ரஞ்சனா சிரித்தாள். சிரித்துவிட்டு விளக்கினாள். மூளை எதில் நிற்க வேண்டும் என்று நாம் சொன்னாலும் அது கேட்காது. பிடித்ததில் விழுந்தால் எழுந்திருக்காது. வேண்டியதில் உட்காரச் சொன்னால் உட்காராது. சோம்பலில்லை, திமிரில்லை. மாத்திரை உண்டு. சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

மகேந்திராவுக்குக் கோபம் வந்தது. "எம் புள்ளைக்கு எதுக்கு மாத்திரை? அவளுக்கு ஒண்ணும் இல்ல. என்னைப் போலத்தான இருக்கா."

"அதனாலதான்" என்றாள் ரஞ்சனா.

பிறகு அவள் தமிழில் பேசத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். போன வாரம் கிருஷிகா வீட்டுப்பாடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு அழுதாளாம். செய்யணும் மம்மி, செய்யணும்னுதான் இருக்கு, முடியல என்று அழுதாளாம். என்ன உதவி வேண்டும் என்று ரஞ்சனா கேட்டிருக்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்றாளாம் மகள்.

"அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? சும்மா பைட்டோ, மம்மி. அவளுக்குத் தமிழே தெரியாது. அந்த ஒரு வார்த்தை தெரியுது. நான் போய் உக்காந்தேன். அரை மணியில முடிச்சுட்டா."

மகேந்திரா போனை இன்னும் அழுத்தமாகக் காதில் வைத்துக்கொண்டான்.

"அங்க உக்காந்துதான் எனக்குப் புரிஞ்சுது. அத்தன வருசம் நீங்க கூப்பிட்டது எதுக்குன்னு. இது வியாதின்னு ஆனா, நீங்க பண்ணது எதுவும் நடக்கலைன்னு ஆகாது, கிருஷிகா அப்பா. அன்னிக்கு ஏர்போர்ட்டுல அவ அழுதது அழுததுதான். ஆனா வர மனசில்லாம இருக்கீங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பம்பு என்ற ஒரு சொல்தான் வந்தது. தெரியும் என்றாள் அவள்.

கிருஷிகா மாத்திரை சாப்பிடத் தொடங்கினாள். மகேந்திராவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அவள் முன்பு போலப் பாடுகிறாளா, சிரிக்கிறாளா என்று ஒவ்வொரு தடவையும் விசாரித்தான். ரஞ்சனாவுக்கும் பயம் இருந்தது. மதிய ரொட்டி டப்பாவில் அப்படியே திரும்பி வருகிறது, டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார் என்றாள். ஒருநாள் மகளையே கேட்டுவிட்டான், அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று.

கிருஷிகா யோசித்து இந்தியில் சொன்னாள். "பப்பா, நவுவா மார்க்கெட்ல சனிக்கிழம எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்கல்ல? மாத்திரை போட்டா ஒருத்தர் மட்டும் பேசறாங்க. மத்தவங்க காத்துட்டு இருக்காங்க."

மகேந்திரா போனை வைத்தான். ஒருத்தர் மட்டும் பேசும் சந்தை. அப்படி ஒரு சந்தையை அவன் கண்டதே இல்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எல்லார் தலைக்குள்ளும் தன் தலைக்குள் இருக்கும் இரைச்சல்தான் இருக்கிறது, மற்றவர்கள் பலசாலிகள், அதை மீறி வேலை செய்கிறார்கள் என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்திருந்தான். தோல் வாரை அவன் நியாயமாக எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

சுவாவுக்குப் போனான், தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம். அவர் பொறுமையாகக் கேட்டார். அது குழந்தைகளுக்கு வருவது, வளர்ந்தால் போய்விடும், பெரியவர்களுக்கு அந்த மாத்திரையைத் தான் எழுதுவதில்லை என்றார். இரவில் யாங்கோனா வேர்ச்சாறு குடிப்பதைக் குறைத்து நேரத்துக்குத் தூங்கச் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் மகேந்திரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நோயாளி இல்லை என்று டாக்டர் சொன்னால் மனிதன் சந்தோஷப்பட வேண்டும். அவனுக்கோ, கையில் கொடுத்த விளக்கை யாரோ திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ரஞ்சனாவிடம் சொன்னபோது, அங்கே வந்த பிறகு பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போகலாம் என்றாள். வந்த பிறகு. அந்தச் சொல்லை இரண்டு பேருமே தாண்டிப் போகத் தயங்கினார்கள். வருவதற்குத்தானே மருந்து வேண்டும்.

"சரி" என்றாள் கடைசியில். "அது வரைக்கும் நான் உக்காரறேன்."

அப்படித்தான் தொடங்கியது. இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கிருஷிகாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, போன் கார்டு ஒன்றைச் சுரண்டி எண்ணை அழுத்துவாள். நவுவாவில் மகேந்திரா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவான். இரண்டு பேரும் பேசுவதில்லை. அவள் அங்கே டீ ஆற்றும் சத்தம் கேட்கும். துணி மடிக்கும் சத்தம் கேட்கும். இங்கே பேனா கிறுக்குவது அவளுக்குக் கேட்கும். சில சமயம் பேனா நின்றுபோகும். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் வரும். அப்போது மட்டும் அவள் "ம்" என்பாள். நாற்காலி திரும்ப முன்னால் வரும்.

போலீஸ் சான்றிதழ் புதிதாக வாங்கினான். எக்ஸ்ரே எடுக்கப் போன அன்று, ரஞ்சனா சொன்னதன் பேரில் ஜோசெவாவும் பேருந்தில் கூட வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனும் வரிசையில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று நர்ஸ் விசாரித்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றான் ஜோசெவா. "நான்தான் இவனுக்கு மாத்திரை."

எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தது அதுதான் முதல் தடவை. சான்றிதழும் பழசாகவில்லை, எக்ஸ்ரேயும் பழசாகவில்லை. கடைசித் தாள் மட்டும் பாக்கி. அதில் ஒரு கேள்வி: நீங்களும் உங்கள் மனைவியும் பிரிந்து வாழ்ந்த காலத்தில் உறவை எப்படிக் காத்துக்கொண்டீர்கள், விவரிக்கவும். எழுதுவதற்கு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள்.

மகேந்திரா அந்த அரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆற்றில் யாரோ இன்ஜினைக் கிளப்ப முயன்று, அது இருமி இருமி நின்றது. கார்புரேட்டர் என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. போனில் ரஞ்சனா கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவன் நாற்காலியை நகர்த்தவில்லை. எழுதினான். தன் ஆங்கிலம் எவ்வளவு வருமோ அவ்வளவில், என் மனைவி போனில் என்னோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதினான். அது போதாதோ என்று தோன்றியது. இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள் என்று சேர்த்தான். கையெழுத்துப் போட்டான்.

"முடிஞ்சுது" என்றான்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, சீராக, ஆழமாக. இரவெல்லாம் வார்டில் நின்றவள், சாய்ந்த இடத்தில் தூங்கிப்போயிருந்தாள். இந்த மூச்சைப் பக்கத்தில் கேட்டு நான்கு வருடம் ஆயிற்று. உள்ளே இழுக்கும்போது ஒரு சின்ன விசில் வரும். அதை மறந்தே போயிருந்தான். மறந்துபோனதைக் கேட்டதும்தான், இத்தனை நாள் இதைத்தான் தேடினோம் என்று தெரிந்தது.

தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தான். சுவா பேருந்து சந்தை முனைக்கு வரும் நேரம் ஆகிவிட்டது. விசா அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். போக வேண்டும். இந்த மூச்சை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவன் வாழ்க்கையில் எத்தனையோ பேருந்துகளைத் தவறவிட்டிருக்கிறான், ஒன்றுக்கும் உதவாத காரணங்களுக்காக. இன்றைக்குத்தான் தவறவிடுவதற்குத் தகுதியான காரணம் ஒன்று கிடைத்திருந்தது.

வாசலில் ஜோசெவாவின் நிழல் விழுந்தது. அவன் கூப்பிடவில்லை, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

மகேந்திரா ரிசீவரைக் கீழே வைத்தான். தொலைபேசியின் மேல் அல்ல. வைத்தால் அந்தப் பக்கம் அவள் காதில் இரைச்சல் கேட்டு விழித்துக்கொள்வாள். மேசையில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வாய் மேலாக ரிசீவரைப் படுக்க வைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். ஆளில்லாத வீட்டுக்குள் ரஞ்சனாவின் மூச்சு, கார்டில் இருந்த நிமிடங்கள் தீரும்வரை, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அவன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தை முனைக்கு ஓடினான். பேருந்து இன்னும் நின்றுகொண்டிருந்தது.